பசுமை வீட்டுச் சரிபார்ப்புச் சேவை: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்புரை

புதிதாகக் கட்டப்படும் வீடு குறைந்த மின்சாரத்திலும் குறைந்த நீரிலும் இயங்கும், அதன் உள்காற்று தூய்மையாக இருக்கும், அதில் பயன்படுத்திய பொருள்கள் சுற்றுச்சூழலுக்கு அதிகச் சுமை தராதவை என்றெல்லாம் கட்டுநர் சொல்வதுண்டு. கட்டுநரையோ பொருள் விற்பவரையோ சாராத ஒருவர் நேரில் வந்து, அளந்து பார்த்து, அந்தக் கூற்றுகளை உறுதிசெய்தோ மறுத்தோ அறிக்கை தரும் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. எங்கள் வீடு வரைபடமாக இருந்த கட்டத்தில் தொடங்கிச் சான்றிதழ் கைக்கு வரும்வரை இச்சேவையைப் பயன்படுத்திவிட்டு, வீட்டில் குடியிருந்தும் பார்த்த பிறகே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரும் கூரையும் மூடப்படுவதற்கு முன் சரிபார்ப்பாளர் செய்த ஆய்வும், கட்டி முடித்தபின் கருவிகளைக் கொண்டு எடுத்த அளவீடுகளும் கொடுத்த கட்டணத்துக்கு முழுத் தகுதி உடையவை. புள்ளிக் கணக்கு, ஆவணக் கோப்பு, வாசலில் பதிக்கும் தகடு ஆகியவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

இந்தத் துறையில் எத்தனையோ தர அமைப்புகள் இருக்கின்றன. பிரிட்டனின் பிரீம் அமைப்பு 1990இல் வந்தது. அமெரிக்கப் பசுமைக் கட்டிட மன்றம் 1993இல் தொடங்கப்பட்டு, 1998இல் லீட் அமைப்பை வெள்ளோட்டம் விட்டது. வீடுகளுக்கென்றே தனியான லீட் முறை 2008இல் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் குடியேறப்பட்ட வரிசை வீடுகளிலிருந்து மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான பாசிவ் ஹவுஸ் தரம் வளர்ந்தது. இந்தியாவில் கிருஹா, ஐஜிபிசி ஆகிய இரண்டும் உள்ளன. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தின் எட்ஜ் அமைப்பு, ஆற்றல், நீர், கட்டுமானப் பொருள்களுக்குள் அடங்கியிருக்கும் கார்பன் (அவற்றைத் தயாரிக்கும்போதே வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு) ஆகிய மூன்றிலும் அந்தந்த ஊரின் வழக்கமான கட்டிடத்தைவிட 20 விழுக்காடு சேமிப்பைக் கேட்கிறது. இவற்றுள் எது உயர்ந்தது என்ற விவாதம் வீட்டு உரிமையாளருக்குப் பெரிதாகப் பயன்படாது. அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சான்று தருவதற்கு முன் யாராவது கட்டுமான இடத்துக்கு வருகிறாரா, வந்தால் எந்தக் கட்டத்தில் வருகிறார், எதை அளக்கிறார்?

இந்தக் கேள்விக்கான விடை அமைப்புக்கு அமைப்பு பெரிதும் மாறுகிறது. லீட் முறையில் பெரிய வணிகக் கட்டிடங்களுக்கான மதிப்பீடு பெரும்பாலும் அனுப்பப்படும் ஆவணங்களை வைத்தே நடக்கிறது. வீடுகளுக்கான முறையிலோ சரிபார்ப்பாளர் நேரில் வந்து ஆய்வு செய்வது கட்டாயம். எட்ஜ் முறையில் வடிவமைப்பு ஒரு முறையும் கட்டி முடித்த கட்டிடம் ஒரு முறையும் தணிக்கை செய்யப்படுகின்றன. பாசிவ் ஹவுஸ் முறையில் கணக்கீட்டுத் தாள்கள், கட்டுமானப் புகைப்படங்கள், காற்றுக்கசிவுச் சோதனை அறிக்கை, காற்றோட்டக் கருவி உள்ளே விடும் காற்றும் வெளியேற்றும் காற்றும் சமமாக உள்ளனவா என்று காட்டும் அறிக்கை ஆகியவற்றைச் சான்றளிப்பவர் ஒவ்வொன்றாகத் துருவிப் பார்க்கிறார். இறுதிச் சோதனையின் வரம்பு மிகக் கடுமையானது என்பதால், இடையில் நடந்த தவறு பெரும்பாலும் அங்கே அகப்பட்டுவிடும். வரைபடத்தையும் பொருள் ரசீதுகளையும் மட்டும் பார்த்துப் பட்டயம் வழங்கும் திட்டங்களும் சந்தையில் உண்டு. அவற்றை நான் இந்தச் சேவையின் வகையிலேயே சேர்ப்பதில்லை.

சேவை என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் மூன்று தரப்புகள் உள்ளன: தரத்தை வகுத்தவர், இடத்துக்கு வந்து பார்க்கும் சரிபார்ப்பாளர், அவருடைய அறிக்கையை ஆராய்ந்து சான்றிதழ் வழங்கும் அமைப்பு. ஆய்வு அமைப்புகளின் தகுதிக்கு ஐஎஸ்ஓ 17020, சான்றளிக்கும் அமைப்புகளின் தகுதிக்கு ஐஎஸ்ஓ 17065 என்று பன்னாட்டுத் தரநிலைகள் இருக்கின்றன. பக்கச் சார்பின்மை பற்றிய விதிகள் இரண்டிலும் உண்டு. ஆனால் நடைமுறையில் சரிபார்ப்பாளருக்குக் கட்டணம் கொடுப்பவர் பல வேளைகளில் கட்டுநர்தான். தம்மிடம் கடுமையாக நடந்துகொள்ளும் சரிபார்ப்பாளரை அடுத்த வீட்டுக்குக் கட்டுநர் அழைக்காமல் விட்டுவிடலாம் என்ற நிலையில், அவருடைய கண்டிப்பு எத்தனை நாள் தாங்கும்? ஆகவே சரிபார்ப்பாளரை நாமே தேர்ந்தெடுத்து, ஒப்பந்தத்தை நம் பெயரிலேயே போட்டு, கட்டணத்தையும் நேரடியாகச் செலுத்துவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். அறிக்கைகள் முதலில் எங்களுக்கு வந்தன, பிறகே ஒப்பந்தக்காரருக்குப் போயின. இந்த வரிசை மாறியிருந்தால் சில குறிப்புகள் எங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

தொடக்கக் கூட்டத்தில் கட்டிடக்கலைஞர், ஒப்பந்தக்காரர், சரிபார்ப்பாளர், நாங்கள் ஆகிய அனைவரும் உட்கார்ந்து புள்ளிப் பட்டியலைப் பார்த்தோம். கட்டாயம் நிறைவேற்ற வேண்டியவை ஒருபுறம், விரும்பினால் எடுத்துக்கொள்ளக்கூடிய புள்ளிகள் மறுபுறம் என்று பட்டியல் பிரிக்கப்பட்டிருக்கும். லீட் முறையை எடுத்துக்கொண்டால் 40 புள்ளிகளுக்கு அடிப்படைச் சான்று, 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80 முதல் பிளாட்டினம். இப்படிப் படிநிலை வைத்தவுடனேயே எல்லோருடைய கவனமும் எளிதில் கிடைக்கும் புள்ளிகளின் பக்கம் திரும்பிவிடுகிறது. எங்கள் கூட்டத்திலும் சாளரங்களின் திசை, வெயில் மறைப்பு, கூரையின் வெப்பக் காப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசியதைவிட, எந்தப் பெயின்ட் வாங்கினால் ஒரு புள்ளி கிடைக்கும், எந்தக் குழாய் பொருத்தினால் இன்னொன்று கிடைக்கும் என்ற பேச்சே நீண்டது. இது எங்கள் சரிபார்ப்பாளரின் குறை என்று சொல்ல மாட்டேன். அமைப்பின் இயல்பே அப்படி. அவர் ஓரிடத்தில் குறுக்கிட்டு, கூரையின் மேல் சூரியத் தகடுகளை அடுக்கி ஆற்றல் பகுதிக்கான புள்ளிகளை வாங்கிவிட்டு, ஓட்டையான சுவரோடு வாழ விரும்புகிறீர்களா என்று கேட்டார். தகட்டின் அளவைக் குறைத்து அந்தப் பணத்தைக் காப்புக்கும் சாளரத்துக்கும் திருப்பினோம். புள்ளிக் கணக்கில் எங்களுக்கு இழப்புதான், வீட்டில் உட்காரும்போது இல்லை.

இனி இந்தச் சேவையின் உயிரான பகுதிக்கு வருகிறேன். குழாய்களும் மின்கம்பிகளும் போட்டு, வெப்பக் காப்பு வைத்து, உள்பூச்சும் பலகையும் இன்னும் வராத ஓர் இடைவெளி ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. அந்த இடைவெளி மிகக் குறுகியது. ஒப்பந்தக்காரருக்கு மூடிவிடும் அவசரம், உரிமையாளருக்குக் குடியேறும் அவசரம். சரிபார்ப்பாளர் அப்போது வரவில்லை என்றால் பிறகு எத்தனை முறை வந்தாலும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை ஊகிக்கத்தான் முடியும். எங்கள் சரிபார்ப்பாளர் டார்ச், நீண்ட கைப்பிடி வைத்த சிறு கண்ணாடி, அளவு நாடா ஆகிய மூன்றோடு வந்து, ஒவ்வொரு அறையின் ஒவ்வொரு மூலையையும் புகைப்படம் எடுத்தார். மின்பெட்டிகளின் பின்னால் காப்பு நசுங்கியிருந்த இடங்கள், குழாய் சுவரைத் துளைத்துச் செல்லுமிடத்தில் அடைக்கப்படாத வளைய இடைவெளிகள், சாளரச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒட்டுநாடா விட்டுப்போன பகுதி, கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் காப்பு தொடராமல் அறுந்த இடம் என்று அவர் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே போனார். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. இத்தனூண்டு சந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் அவருடைய முகம் கேட்டது.

அந்தக் கேள்விக்கு எண்ணிலேயே பதில் சொல்லலாம். காப்பு ஒழுங்காக உள்ள சுவரின் வெப்பக் கடத்தல் மதிப்பு 0.3 என்றும், காப்பு விட்டுப்போன இடத்தில் அது 2.0 என்றும் வைத்துக்கொள்வோம். சுவரின் பரப்பில் 5 விழுக்காடு மட்டுமே விட்டுப்போயிருந்தால் சராசரி 0.385 ஆகிறது, அதாவது சுவர் வழியாகச் செல்லும் வெப்பம் ஏறத்தாழ 28 விழுக்காடு கூடிவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு இடம், கால் பங்குக்கும் மேற்பட்ட இழப்பு. அமெரிக்காவின் வீட்டு ஆற்றல் மதிப்பீட்டாளர்கள் காப்பு பொருத்திய தரத்தை மூன்று படிகளாகப் பிரித்துக் குறிப்பதும், வாங்கிய பொருளின் அட்டையில் அச்சிட்ட மதிப்பை அப்படியே கணக்கில் ஏற்காததும் இந்தக் காரணத்தால்தான். ரசீதைப் பார்த்து மட்டும் சான்று தருபவர், சுவரில் காப்புப் பொருள் உண்டு என்று சொல்லலாம். அது வேலை செய்கிறது என்று சொல்ல அவரால் இயலாது. வட்டமிட்ட இடங்களை எல்லாம் திருத்தி, மறுபடியும் படம் எடுத்து அனுப்பிய பிறகே பூச்சு வேலையைத் தொடங்க அனுமதி கிடைத்தது. வேலை தாமதமானதால் ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தார். ஆனால் பூச்சு வந்தபின் இதே திருத்தங்களைச் செய்வதானால் சுவரை உடைக்க வேண்டியிருந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

கட்டி முடித்தபின் நடக்கும் சோதனைகளில் முதன்மையானது காற்றுக்கசிவுச் சோதனை. வாசல் கதவைத் திறந்துவிட்டு, அதன் சட்டத்தில் துணித் திரையோடு கூடிய விசிறியைப் பொருத்தி, மற்ற எல்லாக் கதவுகளையும் சாளரங்களையும் மூடி, வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள காற்றழுத்த வேறுபாடு 50 பாஸ்கல் ஆகும்வரை விசிறியை ஓட்டுகிறார்கள். வீட்டின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே நேரத்தில் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகக் காற்று மோதுவதற்கு இது ஏறக்குறைய சமம். அந்த அழுத்தத்தை நிலைநிறுத்த விசிறி எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு காற்று வீட்டின் சந்து பொந்துகள் வழியாகக் கசிகிறது என்று பொருள். 400 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீட்டில் மணிக்கு 2,000 கன மீட்டர் காற்று தேவைப்பட்டால், ஒரு மணி நேரத்தில் வீட்டின் காற்று முழுவதும் 5 முறை மாறுகிறது. பாசிவ் ஹவுஸ் தரம் அனுமதிப்பது 0.6 முறைதான், அதே வீட்டுக்கு அது வெறும் 240 கன மீட்டர். இந்தச் சோதனையில் யாரும் யாரையும் சமாதானப்படுத்த முடியாது என்பதே இதன் அழகு. கட்டுநரின் பெயரும் பொருளின் பிராண்டும் விசிறிக்குத் தெரியாது.

எண்ணைக் குறித்துக்கொண்டதோடு எங்கள் சரிபார்ப்பாளர் நிறுத்தவில்லை என்பதை நன்றியோடு பதிவுசெய்கிறேன். விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே புகை விடும் சிறு குச்சியை மின்சுவிட்சுகளின் ஓரத்திலும், கூரைக்கு ஏறும் மூடியின் விளிம்பிலும், சமையலறைப் புகைபோக்கியின் அருகிலும் பிடித்துக் காட்டினார். புகை வளைந்த இடத்தில் கசிவு. பிறகு வெப்பப் படக் கேமராவால் சுவர்களைப் பார்த்தார். இந்தக் கேமராவுக்கு உள்ளுக்கும் வெளியுக்கும் போதிய வெப்பநிலை வேறுபாடு வேண்டும்; அது இல்லாத வேளையில் எடுத்த படம் அழகான வண்ணக் கோலமாக இருக்குமே தவிர, எதையும் சொல்லாது. நேரம் பார்த்து வரும் சரிபார்ப்பாளருக்கும் தமக்கு வசதியான நேரத்தில் வந்து படம் எடுத்துப்போகும் சரிபார்ப்பாளருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிந்துவிடும். முதல் அளவீட்டில் வந்த எண், தரம் கேட்ட வரம்புக்குச் சற்று மேலே நின்றது. கூரை மூடிக்கு ரப்பர்ப் பட்டை போட்டு, சில துளைகளை அடைத்து, மறுபடி ஓட்டியபோது வரம்புக்குள் வந்தது.

வீட்டை இறுக்கமாகக் கட்டினால் மட்டும் போதாது. இறுகிய வீட்டுக்கு முறையான காற்றோட்டம் இல்லாவிட்டால் ஈரமும் பூசணமும் நிச்சயம். எரிவாயு அடுப்போ கொதிகலனோ உள்ள வீட்டில் நிலைமை ஆபத்தாகவும் மாறலாம், ஏனெனில் பலமான வெளியேற்று விசிறி ஓடும்போது உள்ளழுத்தம் குறைந்து, வெளியேற வேண்டிய புகையும் கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். நல்ல சரிபார்ப்பாளர் இதைத் தனியாகச் சோதிப்பார். வெளியேற்று விசிறிகளின் வாயில் ஓர் அளவீட்டுக் கூண்டை வைத்து, உண்மையில் எவ்வளவு காற்று போகிறது என்று பார்ப்பது இன்னொரு சோதனை. எங்கள் குளியலறை விசிறி ஒன்று, அட்டையில் எழுதியிருந்ததில் பாதியைக்கூடத் தள்ளவில்லை. விசிறியில் பழுதில்லை, கூரைக்குள் அதன் வளையும் குழாய் மடங்கி நசுங்கியிருந்தது. ஓசை வருகிறது, ஆகவே வேலை செய்கிறது என்று ஆண்டுக்கணக்கில் நம்பியிருப்போம். இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே இறுதி ஆய்வுக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்று வீட்டில் சொன்னேன். சற்று மிகைதான், இருந்தாலும் முற்றிலும் பொய்யில்லை.

நீர் தொடர்பான ஆய்வு விரைவாக முடிந்தது. குழாய்களும் ஷவரும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகின்றன என்பதை ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு அளந்தார்கள், கழிப்பறைத் தொட்டியின் அளவைப் பார்த்தார்கள், மழைநீர்க் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்தார்கள். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பொருள்களைப் பற்றிய பகுதியே இந்தச் சேவையின் நலிந்த இடம். மரம், பிளைவுட், பெயின்ட், பசை, சிமென்ட் என்று எல்லாவற்றுக்கும் தாள் கேட்கிறார்கள். தாள் இருந்தால் புள்ளி, இல்லாவிட்டால் இல்லை. தாள்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உற்பத்தியாளர் தாமே அறிவித்துக்கொள்ளும் சுற்றுச்சூழல் கூற்று ஐஎஸ்ஓ 14021 வகையைச் சேர்ந்தது. வெளியார் ஒருவர் அளவுகோல் வைத்துச் சோதித்து வழங்கும் முத்திரை 14024 வகை. பொருளின் வாழ்நாள் முழுவதற்குமான தாக்கத்தை எண்களாகத் தரும், சரிபார்க்கப்பட்ட அறிவிப்பு 14025 வகை. பெட்டியில் பச்சை இலை அச்சிட்டிருப்பது இவற்றில் எதற்கும் சான்றாகாது. எங்கள் ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த தாள்களில் பல முதல் வகையைச் சேர்ந்தவை. சரிபார்ப்பாளர் அவற்றில் சிலவற்றைத் திருப்பி அனுப்பினார், சிலவற்றை ஏற்றார், எந்த அடிப்படையில் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெளிவாகவில்லை. பொறுப்பாகப் பேணப்படும் காட்டிலிருந்து வந்த மரம் என்று காட்டும் எஃப்எஸ்சி முத்திரையை மரத்துக்குக் கேட்டது சரியே. ஆனால் காட்டிலிருந்து கடைவரை ஒவ்வொரு கைமாற்றத்திலும் சான்றுத் தொடர் அறுபடாமல் இருக்கிறதா என்பதை, ரசீதில் இருக்க வேண்டிய சான்று எண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும். அந்த எண் இல்லாத ரசீதும் கோப்புக்குள் போனதை நானே பார்த்தேன்.

சிமென்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பங்கு, சுண்ணாம்புக்கல் சூளையில் பிரியும் வேதிவினையிலேயே வெளியாவதால், சூளைக்கான எரிபொருளை மாற்றினாலும் குறையாது. எனவே சூளையிலிருந்து வரும், சிமென்டாக அரைக்கப்படும் கிளிங்கர் என்ற கட்டியின் ஒரு பகுதிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலையோ இரும்பாலைக் கசடையோ சேர்ப்பது, கான்கிரீட்டின் மொத்த அளவையே வடிவமைப்பில் குறைப்பது ஆகிய இரண்டும் ஒரு வீட்டின் கார்பன் கணக்கை உண்மையாக மாற்றக்கூடியவை. இவற்றுக்குப் பட்டியலில் கிடைத்த இடமோ, கம்பளத்துக்கும் தரைப் பசைக்கும் கிடைத்த இடத்தைவிடப் பெரிதாகத் தெரியவில்லை. பல அமைப்புகள் தங்கள் புதிய பதிப்புகளில் பொருள்களுக்குள் அடங்கிய கார்பனைக் கூடுதலாகக் கவனித்து வருகின்றன. வீட்டளவில் அந்தக் கவனம் இன்னும் போதவில்லை என்பது என் கருத்து.

வீட்டின் அளவைப் பற்றியும் அப்படியே. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு இத்தனை அலகு என்று கணக்கிடும் தரங்களில் பெரிய வீடு எளிதில் தேறிவிடும், ஏனெனில் வீடு பெரிதாகப் பெரிதாக அதன் பரப்போடு ஒப்பிடும்போது வெளிச்சுவர் குறைகிறது. வெப்பமூட்டுவதற்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட் மணி என்ற பாசிவ் ஹவுஸ் வரம்பு மிகக் கடுமையானது என்றாலும், இரண்டு பேர் வாழ மாளிகை கட்டினால் அது தடுக்காது. பெரிய வீட்டுக்குக் கூடுதல் புள்ளி கேட்ட 2008ஆம் ஆண்டின் லீட் வீட்டுமுறை இந்த ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்தது.

அடுக்குமாடி வீடு வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: கட்டிடத்துக்குச் சான்று உண்டு என்றால், நம் வீடு சோதிக்கப்பட்டதா? ஒரே மாதிரியான வீடுகள் பல இருக்கும்போது மாதிரி எடுத்துச் சோதிக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்க முறைகளில் 7 வீடுகளுக்கு ஒன்று என்ற விகிதம் அனுமதிக்கப்படுகிறது. அதில் தவறில்லை, செலவைக் குறைக்க அது தேவைதான். ஆனால் சோதிக்கப்படும் வீடு எது என்பது கட்டுநருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மாதிரி எடுப்பதன் நோக்கமே போய்விடுகிறது.

சான்றளிக்கும் அமைப்போடு எங்களுக்கு ஏற்பட்ட அனுபவம் சரிபார்ப்பாளரோடு ஏற்பட்டதற்கு நேர்மாறானது. அமைப்பின் பெயரைச் சொல்லவில்லை. குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. இறுதிச் சோதனை முடிந்து நாங்கள் குடியேறி, வீட்டுக்குள் நடமாடிப் பழகிய பிறகும் கேள்விக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. காற்றுக்கசிவு அறிக்கையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. குப்பையைப் பிரித்து வைத்த புகைப்படத்தில் தேதி தெரியவில்லை, பெயின்ட் ரசீதில் தொகுதி எண் இல்லை என்ற வகைக் கேள்விகளே எல்லாம். ஒப்பந்தக்காரர் அடுத்த வேலைக்குப் போய்விட்ட நிலையில் அவரிடமிருந்து பழைய ரசீதுகளை வாங்குவது எங்கள் தலையில் விழுந்தது. ஒப்பந்தத்தின் கடைசித் தவணையை, ஆவணங்கள் முழுமையாகக் கைக்கு வந்தபின் தருவதாக எழுதிக்கொள்ளும்படி சரிபார்ப்பாளர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்ததால் எங்கள் வேலை எளிதாயிற்று. வீடு கட்டுபவர் எவரும் இந்த ஒரு வரியைத் தம் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, சான்றிதழ் என்ன உறுதியளிக்கிறது, என்ன உறுதியளிக்கவில்லை என்பது. வீட்டு ஆற்றல் மதிப்பீடுகள் எல்லாம் ஒப்பீடுகள். அமெரிக்காவின் ஹெர்ஸ் குறியீட்டில், 2006ஆம் ஆண்டின் கட்டிட ஆற்றல் விதிகளின்படி கட்டிய ஒப்பீட்டு வீட்டுக்கு 100, ஆண்டு முழுவதும் செலவழிக்கும் அளவுக்குத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் வீட்டுக்கு 0. இந்த எண்கள் வழக்கமான ஒரு குடும்பம், வழக்கமான வெப்பநிலை அமைப்பு, வழக்கமான பயன்பாடு என்ற ஊகங்களின் மேல் நிற்பவை. எங்கள் வீட்டின் உண்மையான மின்செலவு மென்பொருள் கணித்ததைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறோம், கணினிகள் நாள் முழுவதும் ஓடுகின்றன; கணக்கில் அவை இல்லை. இதற்காகச் சேவையைக் குறை கூற மாட்டேன். எனக்குள்ள குறை, குடியேறிய பிறகு யாரும் திரும்பி வந்து பார்க்கவில்லை என்பது. வாழும் கட்டிடச் சவால் என்ற கடுமையான அமைப்பு, கட்டிடத்தில் மக்கள் புழங்கத் தொடங்கிய பிறகு 12 மாதங்களின் உண்மையான செலவுக் கணக்கைப் பார்த்த பின்னரே முழுச் சான்று தருகிறது. எல்லா வீடுகளுக்கும் அந்த அளவுக் கடுமை தேவையில்லை. ஆனால் ஓராண்டு கழித்து மின்கட்டண ரசீதுகளை வாங்கிப் பார்த்து, கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியை விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதுவது எந்தச் சரிபார்ப்பாளருக்கும் பெரிய சுமையாக இருக்க முடியாது. கட்டணப் பட்டியலில் இதை விருப்பச் சேவையாகக்கூட யாரும் எங்களிடம் காட்டவில்லை.

யாருக்கு இந்தச் சேவை தேவை என்றால், வரைபடம் இன்னும் முடிவாகாத நிலையில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். சுவர் எழும்பி, மூடும் வேலை தொடங்காதவர்கள் முழுச் சான்றிதழை மறந்துவிட்டு, மூடுமுன் ஆய்வையும் இறுதிச் சோதனைகளையும் மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம்; பல சரிபார்ப்பாளர்கள் அப்படிச் செய்து தருகிறார்கள். கட்டி முடித்த வீட்டை வாங்குபவருக்குச் சான்றிதழின் நகல் மட்டும் போதாது. காற்றுக்கசிவுச் சோதனையின் அறிக்கையையும், மூடுமுன் எடுத்த புகைப்படங்களையும் விற்பவரிடம் கேட்க வேண்டும். கோப்பில் தங்கம் என்று எழுதியிருந்து அந்த இரண்டும் இல்லையென்றால், விலை பேசும்போது அந்தத் தங்கத்துக்குத் தனி விலை கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

சரிபார்ப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் கேட்ட கேள்விகளில் மிகவும் பயன்பட்டது, இதுவரை எந்த வீட்டையாவது தேறவில்லை என்று திருப்பியிருக்கிறீர்களா என்பதுதான். ஒருவர் அப்படி நேர்ந்ததே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். இன்னொருவர் சற்று யோசித்துவிட்டு, மூடிய சுவரைத் திறக்கச் சொன்னதால் கட்டுநரோடு ஏற்பட்ட சச்சரவு ஒன்றை விவரித்தார். இரண்டாமவரை வைத்துக்கொண்டோம். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் அவருக்கு நாலரை தருவேன். சான்றளித்த அமைப்புக்கு இரண்டரை. சோதனை அறிக்கைகளின் மூலப் பிரதியும் சுவருக்குள் என்ன எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் படங்களும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. குளியலறையில் ஆணி அடிப்பதற்கு முன் அந்தப் படங்களைத்தான் எடுத்துப் பார்க்கிறோம்.